தொட்டியா, உணரியா? ஏவுதலுக்கு முந்தைய ஓர் ஐயத்தின் வரலாறு

ஒரு தொட்டியில் திரவம் இருக்கிறதா என்று அறிய அதனுள் ஓர் உணரியை வைக்கிறோம். அந்த உணரி உண்மை சொல்கிறதா என்று அறிய எதை வைப்பது? அறிவியல் வரலாறு பயிலும் மாணவர் ஒருவர் அண்மையில் என்னிடம் இக்கேள்வியைக் கேட்டார். தத்துவ வகுப்புக்கு உரிய கேள்விபோல் தோன்றினாலும் இது விண்கல ஏவுதளங்களில், மனிதர்கள் உள்ளே ஏறி அமர்ந்துகொண்டிருக்கும் வேளையில், பலமுறை எழுந்த கேள்வி. அதற்கு ஒவ்வொரு காலத்திலும் அளிக்கப்பட்ட விடைகளுக்கு ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் சில பக்கங்களையே இங்கு எழுத முற்படுகிறேன். பதிவு நீண்டுவிட்டது, பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

பெங்களூரில் இருந்துகொண்டு இதை எழுதுவதில் ஒரு பொருத்தம் உண்டு. நான் வசிக்கும் காக்ஸ் டவுனிலிருந்து எச்.ஏ.எல். இரண்டாம் கட்டத்தின் எண்பதடிச் சாலை சில கிலோமீட்டர்த் தொலைவுதான். இஸ்ரோவின் திரவ உந்துவிசை அமைப்புகள் மையத்தின் பெங்களூரு வளாகம் அங்கே உள்ளது. செயற்கைக்கோள்களின் உந்துவிசை அமைப்புகளை உருவாக்குவதோடு, விண்பயணத்துக்கு வேண்டிய உணரிகளை வடிவமைத்துச் செய்வதும் அவ்வளாகத்தின் முதன்மைப் பணிகளுள் ஒன்று. ராக்கெட் என்றால் நம்மவர் கண்முன் நெருப்பும் புகையும் எழுகின்றன. அந்நெருப்பைப் பற்றவைக்கலாமா வேண்டாமா என்ற முடிவுக்குச் சான்று தருபவை விரல் நுனியளவுள்ள கருவிகள் என்பது நினைவுக்கு வருவதில்லை.

நாம் நன்கறிந்த கதையிலிருந்து தொடங்குகிறேன். 1979 ஆகஸ்ட் 10. ஸ்ரீஹரிகோட்டாவில் எஸ்.எல்.வி.-3 ஏவூர்தியின் முதல் சோதனைப் பயணம். திட்ட இயக்குநர் ஆ. ப. ஜை. அப்துல் கலாம், இஸ்ரோவின் தலைவர் சதீஷ் தவன், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநர் பொறுப்பையும் அப்போது வகித்துவந்தவர். நான்கு கட்டங்களும் திட எரிபொருளால் இயங்கும் ஏவூர்தி அது. எனினும் இரண்டாம் கட்டத்தைத் திசை திருப்பும் கட்டுப்பாட்டு அமைப்பில் மட்டும் திரவங்கள் இருந்தன. அவற்றுள் ஒன்று, செம்புகை எழுப்பும் அடர் நைட்ரிக் அமிலம். முதல் கட்டம் செவ்வனே எரிந்து முடிந்தது. இரண்டாம் கட்டத்தில் ஏவூர்தி நிலைகுலைந்து சில நிமிடங்களில் வங்கக் கடலில் விழுந்தது.

ஆய்வுக்குழு கண்டறிந்த காரணம் மிக எளியது. ஏவுதலுக்கு 8 நிமிடங்களுக்கு முன் கட்டுப்பாட்டு அமைப்பின் வால்வுக்கு ஒரு கட்டளை அனுப்பப்பட்டது. திறந்த வால்வு, உள்ளே புகுந்திருந்த மாசு காரணமாக மீண்டும் மூடிக்கொள்ளவில்லை. அமிலம் முழுதும் ஒழுகிப்போயிற்று. பறக்கும்போது திசை திருப்பும் விசை தேவைப்பட்ட கணத்தில் எரிபொருள் மட்டும் பாய்ந்தது. அதனோடு சேர்ந்து எரிய அமிலம் இல்லை.

நமக்கு முக்கியமான செய்தி இதற்கு முன்பே நிகழ்ந்தது. கசிவு தெரியாமல் போகவில்லை. இறங்குமுக எண்ணிக்கையின் இறுதிக் கட்டத்திலேயே கவனிக்கப்பட்டது. அது பொருட்படுத்தத் தக்கதன்று என்று மதிப்பிடப்பட்டது. 1999இல் வெளிவந்த தம் தன்வரலாற்றில் கலாம் அந்த மதிப்பீட்டுக்குத் தாமே பொறுப்பு என்று மறுஆய்வுக் கூட்டத்தில் எழுந்து கூறியதைப் பதிவு செய்திருக்கிறார். பிற்காலச் சொற்பொழிவுகளில் இக்கதை மேலும் கூர்மை பெறுகிறது. கணினி ஏவுதலை நிறுத்தி வைத்ததாகவும், கட்டுப்பாட்டு அமைப்பில் போதிய அளவு திரவம் இருக்கிறது என்று வல்லுநர்கள் கணக்கிட்டுச் சொன்னதாகவும், அதை நம்பித் தாம் கணினியை விலக்கிவிட்டு ஏவியதாகவும் அவர் பலமுறை கூறியுள்ளார்.

தமிழ்நாட்டுப் பள்ளி மேடைகளில் இக்கதை எப்படிச் சொல்லப்படுகிறது என்பதைக் கவனித்திருப்பீர்கள். தோல்வியின்போது தவன் பத்திரிகையாளர் முன் தாமே நின்று பொறுப்பேற்றார். மறு ஆண்டு, 1980 ஜூலை 18இல், ரோகிணி வெற்றியுடன் சுற்றுப்பாதையை அடைந்தபோது கலாமை முன்னிறுத்தினார். தலைமைப் பண்புக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு அரிது. அதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் அறநெறிக் கதையாக மாறும்போது இந்நிகழ்வின் பாதி உதிர்ந்துவிடுகிறது. எஞ்சிய பாதி இது: ஒரு கருவி ஒன்றைச் சொன்னது, மனிதர்கள் வேறொன்றைச் சொன்னார்கள், மனிதர் சொல் வென்றது. வல்லுநர்கள் அறியாமையால் அப்படிச் சொல்லவில்லை. அதுவரை ஒழுகியது எவ்வளவு என்று கணக்கிட்டார்கள். இனி எவ்வளவு ஒழுகும் என்ற கேள்விக்கு வால்வு மூடியிருக்கும் என்ற நம்பிக்கையே விடையாக நின்றிருக்க வேண்டும். இது என் ஊகம். ஆயினும் மேடைகளில் தவனின் பெருந்தன்மையோடு அந்த வால்வும் பேசப்பட வேண்டும் என்பது என் விருப்பம்.

எஸ்.எல்.வி.யில் மனிதர் யாரும் பயணம் செய்யவில்லை. மனிதர் பயணம் செய்யும் கலத்தில் இதே ஐயம் எழுந்தால் என்ன நடக்கும் என்பதற்கு மிக விரிவான ஆவணச் சான்றுகள் அமெரிக்க விண்ணோடங்களின் வரலாற்றில் உள்ளன. அங்குச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

விண்ணோடத்தின் அடியில் ஒட்டியிருந்த செம்பழுப்பு நிறப் பெருந்தொட்டியை நினைவுகூருங்கள். அதனுள் இரு தொட்டிகள். மேலே திரவ ஆக்சிஜன், ஏறத்தாழ 5.5 லட்சம் லிட்டர். கீழே திரவ ஹைட்ரஜன், ஏறத்தாழ 14.8 லட்சம் லிட்டர். ஹைட்ரஜனின் வெப்பநிலை சுழிக்குக் கீழே 253 பாகை செல்சியஸ். ஹைட்ரஜன் தொட்டியின் அடிப்பகுதியில் நான்கு சிறிய உணரிகள் ஒரே தட்டில் பொருத்தப்பட்டிருந்தன. அவை நுண்ணிய பிளாட்டினக் கம்பியால் ஆனவை. கம்பி திரவத்தில் மூழ்கியிருக்கும்போது ஒரு மின்தடையும், வாயுவில் இருக்கும்போது வேறொரு மின்தடையும் காட்டும். ஆகவே அவற்றின் மொழியில் இரண்டே சொற்கள்: நனைந்தது, உலர்ந்தது.

பயணம் இயல்பாக நடந்தால் இந்த உணரிகளுக்கு வேலையே இல்லை. வேண்டிய வேகத்தை எட்டியதும் கணினி எஞ்சின்களை நிறுத்திவிடும். தொட்டியில் சிறிது எரிபொருள் மிஞ்சியிருக்கும். ஏதோ ஒரு கசிவாலோ கணக்குப் பிழையாலோ எரிபொருள் முன்கூட்டியே தீர்ந்துபோனால்தான் இவை பேச வேண்டும். ஹைட்ரஜன் தீர்ந்தபின்னும் எஞ்சின் ஓடினால், சுமையிழந்த டர்போ பம்புகள் கட்டுக்கடங்காத வேகத்தில் சுழலும். ஆக்சிஜன் மிகுந்து எஞ்சினின் உலோகமே எரியத் தொடங்கும். எஞ்சின் வெடித்துச் சிதறக்கூடும். எனவே இரண்டு உணரிகள் 'உலர்ந்தது' என்று சொன்னால் எஞ்சின்கள் உடனே நிற்கும்படி ஏற்பாடு. ஒன்று மட்டும் சொன்னால் போதாது. நம் ஊர்ப் பஞ்சாயத்தில் ஒற்றைச் சாட்சியின் சொல்லை வைத்துத் தீர்ப்புச் சொல்லத் தயங்குவதைப் போன்ற ஏற்பாடு இது.

இவை வெறும் எச்சரிக்கைக்காக வைக்கப்பட்ட அலங்காரங்கள் அல்ல என்பதற்கு 1999 ஜூலையில் கொலம்பியா விண்ணோடத்தின் பயணம் சான்று. ஐலீன் காலின்ஸ் தலைமை. விண்ணோடமொன்றுக்குப் பெண்ணொருவர் தலைமையேற்றது அதுவே முதல்முறை. அப்பயணத்தில் உணரிகள் இருமுறை பேசின. ஒருமுறை பொய், ஒருமுறை மெய். ஜூலை 20 அன்று, எஞ்சின்கள் பற்றவைக்கப்படுவதற்குச் சற்றுமுன், கலத்தின் பின்பகுதியில் ஹைட்ரஜன் வாயு செறிந்திருப்பதாக ஓர் உணரி காட்டியது. கட்டுப்பாட்டு அறையிலிருந்த பொறியாளர் ஏவுதலை நிறுத்தினார். பிறகு ஆராய்ந்ததில் அந்த அளவீடு போலி என்று தெரிந்தது. ஜூலை 23 அன்று கலம் எழும்பியபோது எஞ்சின் ஒன்றினுள் பொருத்தியிருந்த சிறு ஊசி கழன்று, புகைவாய்க் கூம்பின் குளிர்விப்புக் குழாய்கள் மூன்றைக் கிழித்தது. அங்கே ஹைட்ரஜன் கசிந்தது. இழப்பை ஈடுசெய்ய எஞ்சின் வழக்கத்துக்கு மேல் ஆக்சிஜனைக் குடித்தது. முடிவில் ஆக்சிஜன் பக்கத்து உணரிகள் 'உலர்ந்தது' என்று சொல்ல, எஞ்சின்கள் உரிய நேரத்துக்கு ஒரு நொடிக்கும் குறைவான காலம் முன்னதாக நின்றன. கலம் அடைந்த வேகத்தில் நொடிக்கு 5 மீட்டர் அளவே குறைந்தது, பயணம் பிழைத்தது. போலி அளவீட்டை நம்பி நிறுத்தியவர்களை யாரும் பழிக்கவில்லை. அதற்கு மூன்று நாள் கழித்து மெய்யான அளவீடு அவர்கள் எல்லோரையும் காத்தது.

இனி 2005. கொலம்பியா 2003 பிப்ரவரி 1 அன்று சிதறி, கல்பனா சாவ்லா உள்ளிட்ட ஏழு பேர் மாண்டபின், விண்ணோடம் மீண்டும் பறக்கவிருந்த முதல் பயணம். கலம் டிஸ்கவரி, தலைவர் மீண்டும் ஐலீன் காலின்ஸ். ஏப்ரலில் நடந்த எரிபொருள் நிரப்பும் ஒத்திகையிலேயே உணரிகள் முன்னுக்குப் பின் முரணாகப் பேசின. தொட்டி மாற்றப்பட்டது. ஜூலை 13 அன்று வீரர்கள் கலத்துக்குள் ஏறிக்கொண்டிருந்த வேளையில், நான்கு உணரிகளில் இரண்டாம் எண் உணரி சோதனையில் தோற்றது.

அந்தச் சோதனை நுட்பமானது. தொட்டி நிறைந்திருக்கும்போது எல்லா உணரிகளும் 'நனைந்தது' என்றே சொல்லும். உண்மையாகவே நனைந்திருப்பதால் சொல்கிறதா, பழுதாகி அதையே சொல்லிக்கொண்டிருக்கிறதா என்று பிரித்தறிய வழியில்லை. அதனால் தரையிலிருந்து ஒரு பொய்க் கட்டளை அனுப்புவார்கள்: உலர்ந்துவிட்டதாக நடி. நலமான உணரிச் சுற்று உடனே 'உலர்ந்தது' என்று மாறிச் சொல்லும். இரண்டாம் எண் மட்டும் 'நனைந்தது' என்றே சொல்லிக்கொண்டிருந்தது. கம்பி எங்கேனும் அறுபட்டால் 'நனைந்தது' என்ற பக்கமே சாயும்படி அச்சுற்று வடிவமைக்கப்பட்டிருந்தது. அறுந்த கம்பியொன்று நல்ல எஞ்சினை நடுவானில் நிறுத்திவிடக்கூடாது என்பதே அதன் நோக்கம். நோக்கம் நல்லதுதான், ஆனால் அதன் விலை, உணரியின் மௌனமும் அதன் நற்சான்றும் ஒரே சொல்லால் வெளிப்படும் என்பது.

நான்கும் நலமாக இருந்தாலொழிய ஏவக்கூடாது என்பது அப்போதைய விதி. மூன்று போதும் என்றிருந்த பழைய விதி சேலஞ்சர் விபத்துக்குப் பின் கடுமையாக்கப்பட்டிருந்தது. ஏவுதல் ஒத்திவைக்கப்பட்டது. நூற்றுக்கணக்கான பொறியாளர்கள் இரு வாரங்கள் தேடினார்கள். உணரி, தொட்டிச் சுவரைக் கடக்கும் இணைப்பான், கலத்தின் வால்பகுதி வரை நீளும் கம்பிகள், அங்குள்ள மின்னணுப் பெட்டி, அப்பெட்டியின் நிலத்தொடர்பு என்று ஐயத்துக்குரியவர்களின் பட்டியல் நீண்டது. நிலத்தொடர்பில் சில குறைகள் கண்டு சீராக்கினார்கள். பிறகு செய்ததுதான் இவ்வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த செயல். இரண்டாம் எண் உணரியின் கம்பியையும் நான்காம் எண்ணின் கம்பியையும் இடம் மாற்றிப் பொருத்தினார்கள். மறுமுறை நிரப்பும்போது பழுது இரண்டாம் எண்ணிலேயே நின்றால் குற்றம் ஒரு பக்கம். நான்காம் எண்ணுக்குத் தாவினால் குற்றம் மறுபக்கம். சுவடிப் பதிப்பில் ஈடுபட்டவர்களுக்கு இம்முறை அந்நியமாகத் தோன்றாது. ஒரு பாடவேறுபாடு மூலச்சுவடியில் தோன்றியதா, படியெடுத்தவர் கைப்பிழையா என்று அறிய நாம் படிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்பதும் இதன் உறவுதான்.

ஜூலை 26 அன்று நான்கு உணரிகளும் குற்றமின்றி இயங்கின. டிஸ்கவரி பறந்தது. பழுது நீங்கியதா, ஒளிந்துகொண்டதா என்று எவரும் உறுதியாகச் சொல்ல இயலவில்லை. அதற்கு முன்னரே ஓர் உடன்பாடு எட்டப்பட்டிருந்தது என்பதையும் குறிப்பிட வேண்டும். அதே பழுது அதே வடிவில் மீண்டும் தோன்றினால், காரணம் புரிந்துகொள்ளத்தக்கதாக இருந்தால், மூன்று உணரிகளோடு பறக்கலாம் என்று நாசா ஆயத்தமாக இருந்தது. விதியைத் தளர்த்தும் இந்த ஏற்பாட்டைச் சிலர் அப்போதே கேள்விக்குட்படுத்தினர். கொலம்பியா விபத்து விசாரணைக்குழு இத்தகைய பழக்கத்தைப் பற்றித்தான் பக்கம் பக்கமாக எழுதியிருந்தது: குறை ஒன்று மீண்டும் மீண்டும் தோன்றியும் தீங்கு நேராவிட்டால், அக்குறையே இயல்பாகிவிடும்.

பழுது ஒளிந்துதான் இருந்தது. 2006 செப்டம்பர் 8 அன்று அட்லாண்டிஸின் ஏவுதல் இன்னோர் உணரியால் நின்று, மறுநாள் நடந்தது. 2007 டிசம்பர் 6 அன்று, ஐரோப்பிய ஆய்வுக்கூடமான கொலம்பஸைச் சுமந்திருந்த அட்லாண்டிஸில் ஒன்றுக்கு மேற்பட்ட உணரிகள் ஒருசேரத் தவறின. டிசம்பர் 9 அன்று மீண்டும் ஒன்று தவறியது. இனித் தற்செயல் என்று சொல்ல வழியில்லை.

ஏன் இத்தனை ஆண்டுகள் பிடிபடவில்லை? தொட்டியில் ஹைட்ரஜன் நிறைந்திருக்கும்போது மட்டுமே பழுது தோன்றியது. அப்போது ஏவுதளத்தின் அருகே மனிதர் செல்ல இயலாது. ஹைட்ரஜனை வடித்து, தொட்டி வெதுவெதுப்பானதும் தொழில்நுட்பர்கள் கருவிகளோடு போய்ப் பார்த்தால் எல்லாம் சீராக இருக்கும். வைத்தியர் வீட்டு வாசல் மிதித்ததும் காய்ச்சல் இறங்கிவிடும் நோயாளியின் கதை. ஆகவே நோயாளியைக் காய்ச்சலோடு சோதிக்க வேண்டும் என்று முடிவாயிற்று. டிசம்பர் 18 அன்று, ஏவும் எண்ணமே இல்லாமல், சோதனைக்கென்றே தொட்டியை நிரப்பினார்கள். கலத்தின் வால்பகுதியில் உணரிக் கம்பிகளோடு வேறு கம்பிகளை இணைத்து, அவற்றின் வழியே சிறு மின்துடிப்புகளை அனுப்பினார்கள். கம்பியில் எங்கே முறிவு இருக்கிறதோ அங்கிருந்து துடிப்பு எதிரொலித்துத் திரும்பும். திரும்பிவர எடுத்துக்கொண்ட நேரத்தை அளந்தால் முறிவின் தொலைவு தெரியும். கிணற்றில் கல்லெறிந்து ஒலி கேட்கும் நேரத்தைக் கொண்டு ஆழம் அறிவதைப் போன்றது.

எதிரொலி வந்த இடம் உணரியோ மின்னணுப் பெட்டியோ அன்று. தொட்டிச் சுவரைக் கடந்து கம்பிகள் வெளியேறும் இடத்திலிருந்த இணைப்பான். உலோக ஊசிகளும் அவை நுழையும் குழிகளும் கடுங்குளிரில் தொடர்பு இழந்தன. குளிர் நீங்கியதும் மீண்டும் தொட்டுக்கொண்டன. நான்கு சாட்சிகளும் தொடக்கம் முதலே நேர்மையானவர்கள். அவர்கள் பேச்சைக் கொண்டுவந்து சேர்த்த தூதுவனிடம்தான் குறை. தீர்வு வியப்பூட்டும் அளவுக்குப் பழமையானது: ஊசிகளையும் குழிகளையும் பற்றாசு வைத்து இணைத்துவிட்டார்கள். சென்டார் மேல்நிலைக் கட்டத்தில் முன்பு இதே வகைச் சிக்கலுக்குக் கையாண்ட வழி அது. 2008 பிப்ரவரி 7 அன்று அட்லாண்டிஸ் பறந்தது. நான்கு உணரிகளும் சரியாகப் பேசின. விண்ணோடத் திட்டத்தின் மேலாளராயிருந்த வெயின் ஹேல் இம்முழு வரலாற்றையும் பின்னாளில் ஒளிவுமறைவின்றி எழுதியிருக்கிறார். நிர்வாகப் பொறுப்பில் இருந்தவர்கள் இப்படி எழுதும் வழக்கம் நம் நாட்டிலும் பெருக வேண்டும்.

இடையில் ஒன்று சொல்ல வேண்டும். அளவி பழுதாகவில்லை, பொய்யும் சொல்லவில்லை, ஆனாலும் ஏமாற்றியது என்ற நிலையும் உண்டு. 1970 மார்ச் இறுதியில் அப்பல்லோ 13இன் இரண்டாம் ஆக்சிஜன் தொட்டியை வடிக்க முடியாமல், உள்ளிருந்த சூடேற்றியைப் பல மணிநேரம் இயக்கி ஆவியாக்கினார்கள். 28 வோல்ட்டுக்கு ஏற்ற வெப்பக் கட்டுப்பாட்டு இணைப்பிகள் தரையிலிருந்து வந்த 65 வோல்ட்டில் உருகி ஒட்டிக்கொண்டன. உள்ளே வெப்பநிலை 500 பாகை செல்சியஸுக்கு மேல் ஏறியதாகப் பின்னர் கணக்கிட்டனர். வெளியே அளவியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் கண்டது 27 பாகைதான். அந்த அளவியின் முள் அதற்குமேல் போகாது. அந்தத் தொட்டிதான் ஏப்ரலில் நிலவுக்குச் செல்லும் வழியில் வெடித்தது.

இந்தியாவுக்குத் திரும்புவோம். 1979க்கும் 2001க்கும் இடையில் நம் ஏவுதளத்தில் ஓர் அதிகார மாற்றம் நிகழ்ந்தது. 2001 மார்ச் 28 அன்று முதல் ஜி.எஸ்.எல்.வி.யின் பக்கவாட்டு எஞ்சின்கள் எரியத் தொடங்கியபின், அவற்றுள் ஒன்று போதிய உந்துவிசை தரவில்லை என்று கணினி கண்டது. எழும்புவதற்கு ஒரு நொடி இருக்கையில் அது அனைத்தையும் நிறுத்தியது. யாரையும் அது கேட்கவில்லை. கேட்க நேரமும் இல்லை. அவ்வேவூர்தி சீர்செய்யப்பட்டு ஏப்ரல் 18 அன்று பறந்தது. 2013 ஆகஸ்ட் 19 அன்று ஜி.எஸ்.எல்.வி. டி-5இன் இரண்டாம் கட்டத்தில் எரிபொருள் கசிந்தபோதும், 2019 ஜூலை 15 அன்று சந்திரயான்-2 ஏவுதலுக்கு 56 நிமிடம் 24 நொடி இருந்தபோதும் நிறுத்தும் முடிவு தயங்காமல் எடுக்கப்பட்டது. இரண்டாவது நிகழ்வின்போது குடியரசுத் தலைவர் ஏவுதலைக் காண வந்து காத்திருந்தார். நிறுத்துவது இழுக்கு என்ற எண்ணம் மறைந்துவிட்டதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

2023 அக்டோபர் 21 அன்று ககன்யான் திட்டத்தின் முதல் தப்பிப்புச் சோதனையில், எழும்புவதற்கு 5 நொடி இருக்கையில் தரைக் கணினி நிறுத்தியது. கண்காணிப்பு முறையில் ஏற்பட்ட பிறழ்வே காரணம் என்று தலைவர் சோமநாத் பின்னர் விளக்கினார். அதாவது, இம்முறை உணர்ந்ததில்தான் குறை. ஆராய்ந்து, சீராக்கி, காலை 10 மணிக்கு ஏவினார்கள். 1979இல் கருவியின் எச்சரிக்கை மெய். அதை மனிதர் மறுத்தனர். 2023இல் நின்றதற்குக் காரணம் கருவியின் பிறழ்வு. மனிதர் அதை அறிந்தபின்பே மேலே சென்றனர். இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள 44 ஆண்டுகளில் ஒரு நிறுவனம் கற்றுக்கொண்டதை எழுத ஒரு முனைவர் பட்ட ஆய்வேடு தேவைப்படும். எழுத முன்வருவோர் இருந்தால் மகிழ்வேன்.

இறுதியாக, 2025 ஜூன். சுபான்சு சுக்லா பயணம் செய்யவிருந்த ஆக்சியம்-4. ஃபால்கன் 9 ஏவூர்தி ஏவுதளத்தில் 7 நொடி எரித்துச் சோதிக்கப்பட்டபின், உந்துவிசைப் பகுதியில் திரவ ஆக்சிஜன் கசிவு இருப்பது தெரிந்தது. ஜூன் 9 அன்று ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் வில்லியம் கெர்ஸ்டன்மையர் செய்தியாளர்களிடம் இதைத் தாமே கூறினார். அந்த முதற்கட்டம் முன்னொரு பயணத்தில் தரையிறங்கும்போதே கசிந்திருந்தது. புதுப்பிக்கும்போது குறை முழுமையாகக் களையப்படவில்லை. கசிவு தொடர்ந்தாலும் வாயு ஓட்டத்தால் அதை அகற்றித் தீங்கைக் குறைக்க ஏற்பாடு செய்கிறோம் என்பது அவர் விளக்கத்தின் சாரம். இப்பெயரை நினைவில் கொள்ளுங்கள். 2007இல் விண்ணோட உணரிகள் நாசாவை அலைக்கழித்தபோது விண்வெளி இயக்கப் பிரிவின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் இதே கெர்ஸ்டன்மையர்தான்.

மறுபக்கம் அமர்ந்திருந்தவர் இஸ்ரோ தலைவர் வி. நாராயணன். கன்னியாகுமரி மாவட்டத்தவர், வாழ்நாள் முழுதும் கடுங்குளிர் எஞ்சின்களோடு பழகியவர், எல்.வி.எம்.-3 ஏவூர்தியின் கிரையோஜெனிக் கட்டத்துக்குத் திட்ட இயக்குநராக இருந்தவர். திரவ உந்துவிசை மையத்தின் முதல் இயக்குநர் முத்துநாயகம், பின்னாளில் அதே பொறுப்பை வகித்த சிவன், நாராயணன் மூவரும் ஒரே மாவட்டத்தவர் என்பது சமூக வரலாற்றாளர் யாரேனும் விளக்க வேண்டிய செய்தி. கசிவைத் தணித்துப் பறப்பதை இந்தியத் தரப்பு ஏற்கவில்லை. கசியும் பகுதியைச் சரிசெய்து, தாழ்வெப்பநிலையில் கசிவுச் சோதனை நடத்திய பின்னரே ஏவ வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஜூன் 11 அன்று நடக்கவிருந்த ஏவுதல் நின்றது. ஆக்சிஜன் குழாயில் விரிசல் கண்டறியப்பட்டது என்று நாராயணன் பின்னர்ப் பொதுவெளியில் தெரிவித்தார். இடையில் பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் ரஷ்யப் பகுதியிலிருந்த காற்றுக் கசிவும் சேர்ந்து நாள்களை நீட்டித்தது. ஜூன் 25 அன்று இந்திய நேரம் நண்பகல் 12:01க்கு சுக்லா புறப்பட்டார்.

இந்நிகழ்வை 'இந்தியா காப்பாற்றியது' என்ற தலைப்பின்கீழ் நம் ஊடகங்கள் சுருக்கிவிட்டன. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. கசிவைக் கண்டதும் வெளியிட்டதும் அமெரிக்கத் தரப்பே. இந்தியத் தரப்பின் பங்கு வேறு வகையானது; அது குறைந்ததும் அன்று. பலமுறை பறந்து பழகிய ஒரு நிறுவனத்துக்குத் தணித்துவிட்டுப் பறப்பது அனுபவம் தந்த துணிவு. தன் வீரர் ஒருவரை அனுப்பும் நிறுவனத்துக்கு அத்துணிவு போதவில்லை. அதிலும், 'கசிவு சிறிதுதான்' என்ற சொல்லின் விலையை 1979இலேயே கொடுத்த நிறுவனம் அது. தாழ்வெப்பநிலைச் சோதனையை வற்புறுத்தியதில்தான் நுட்பம் இருக்கிறது. வெதுவெதுப்பில் காணாமற்போகும் குறைகளை அட்லாண்டிஸின் இணைப்பான் ஏற்கெனவே உலகுக்குக் காட்டியிருந்தது.

ககன்யான் வீரர்கள் பயிற்சி பெறுவது இதே பெங்களூரில். மனித விண்வெளிப் பயண மையம் 2019 முதல் இங்கு இயங்குகிறது. அவர்கள் அமரப்போகும் கலத்தின் உணரிகளுக்குப் பின்னால் பல்லாண்டு உழைப்பு இருக்கிறது. அவ்வுழைப்பின் ஒரு பகுதி தண்டுப் பகுதியின் தெருக்களிலிருந்து நாள்தோறும் பேருந்தேறிச் சென்ற பெயர் தெரியாத தமிழர்களுடையது என்று நான் எண்ணுகிறேன், எச்.ஏ.எல்., இஸ்ரோ போன்ற நிறுவனங்களின் பட்டறைகளில் பொருத்துநர்களாக, கம்பி இணைப்பாளர்களாக, சோதனைக் கூட உதவியாளர்களாக. தலைவர்களின் நினைவுகள் நூல்களாகிவிட்டன. ஓர் இணைப்பானில் பற்றாசு வைத்த கையின் நினைவு எங்கும் பதிவாகவில்லை. காக்ஸ் டவுன், பிரேசர் டவுன், ஜீவனஹள்ளி, மாருதி சேவா நகர்ப் பகுதிகளில் அத்தகைய ஓய்வுபெற்ற தொழிலாளர்கள் உங்கள் குடும்பத்தில் இருந்தால், அவர்கள் பேச விரும்பினால், தனிச்செய்தியில் தெரிவியுங்கள். ரகசியம் எதுவும் வேண்டாம். காலையில் எத்தனை மணிக்கு வேலைக்குப் போனார்கள், எந்தக் கருவியைக் கையில் பிடித்தார்கள், ஒரு கம்பி சரியாக இணைந்திருக்கிறது என்பதை எப்படி அறிந்தார்கள் என்பவற்றைக் கேட்டுப் பதிந்துகொள்ள விரும்புகிறேன். ஒலிப்பதிவுக் கருவியோடு நானே நேரில் வருகிறேன்.